கோடைக்கு ஒரு ஸ்லீவ்லெஸ் காட்டன் டாப்: வீட்டிலேயே தைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

தலைவழியே போட்டுக்கொள்ளும், ஜிப்பும் பட்டனும் இல்லாத, கையில்லாத காட்டன் டாப் பற்றிய கேள்வி-பதில்கள் இவை. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கழுத்துக்கும் இரண்டு ஆம்ஹோலுக்கும் (கை நுழையும் ஓட்டை) மூன்று கிராஸ் பீஸ் (மூலைவாட்டில் வெட்டிய பட்டை), வெட்டுவது அவ்வளவுதான். புதுச்சேரி, கடலூர் பக்கத்து மே மாதத்தை மனதில் வைத்துத் துணியும் லூஸும் சொல்லியிருக்கிறோம். அளவுகள் இன்ச்சில். உதாரணத்துக்கு மார்பு 36, சீட் (பின்புறச் சுற்று) 38.

புதிதாகத் தையல் பழகுகிறேன். இதிலிருந்து தொடங்கலாமா?

தாராளமாக. நேர்த்தையல் போட வந்தால் போதும். ஆனால் ஒன்று: கை இல்லாததால் வேலை பாதி என்று நினைக்க வேண்டாம். கை வைத்த உடுப்பில் ஆம்ஹோல் கொஞ்சம் கோணினாலும் கையின் சுருக்கத்தில் மறைந்துவிடும். இதில் ஆம்ஹோல் ஓரம் அப்படியே வெளியே தெரியும். பக்கத் தையலையும் கீழ் மடிப்பையும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். மீதி நேரம் முழுவதும் அந்த மூன்று வளைவுகளுக்கு உரியது. அங்கே அவசரப்படாதவர்களின் டாப் முதல் முறையே நன்றாக அமைகிறது.

எந்தத் துணி வாங்குவது?

காம்பிரிக் அல்லது மெல்லிய பாப்ளின். வெட்டும்போது நழுவாது, இஸ்திரிக்கு அடங்கும், ஓரம் சீக்கிரம் பிரியாது. வாயில் (voile), மல்மல் இரண்டும் உடம்புக்கு இன்னும் இதம். ஆனால் கத்தரிக்கோலுக்கு அடியிலேயே நகரும், முதல் டாப்புக்கு வேண்டாம். ரேயான் நன்றாக விழும், வியர்வையையும் உறிஞ்சும். வளைவுகளில் எளிதாக இழுபட்டுவிடும் என்பதால் அதையும் பழகிய பிறகு எடுங்கள்.

பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம். பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை தானாகக் காய்வதும் மெதுவாகத்தான் நடக்கும். உறிஞ்சாத துணி என்றால் முதுகில் ஒட்டிக்கொண்டே இருக்கும். கடையில் சந்தேகம் வந்தால் கரையிலிருந்து நான்கு நூலை உருவித் தரச் சொல்லி, வீட்டில் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையும் பொடிச் சாம்பலும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

புதுச்சேரியில் நேரு வீதிக் கடைகளிலும் பெரிய மார்க்கெட்டைச் சுற்றியும், கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலும் மீட்டர் துணியும் கட் பீஸும் கேட்டுப் பாருங்கள். பலருக்குத் தோன்றாத ஒரு வழி கைலி. குறிஞ்சிப்பாடிப் பக்கம் நெய்யும் பருத்திக் கைலி இரண்டு மீட்டர் வரும்; ஒரு டாப் போக மிச்சமே இருக்கும். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். கட்டம் போட்டது என்றால் இரண்டு பக்கத் தையலிலும் கட்டம் சேரும்படி வெட்ட வேண்டும், அது ஒன்றுதான் கூடுதல் வேலை.

எவ்வளவு துணி வேண்டும்?

44 இன்ச் அகலத் துணி என்றால் மார்பு, சீட் இரண்டில் எது பெரியதோ அதைப் பாருங்கள். அது 35-க்குள் இருந்தால் முன்பக்கமும் பின்பக்கமும் அருகருகே அமர்ந்துவிடும், ஒரு மீட்டர் போதும். அதற்கு மேல் போனால் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வெட்ட முடியும்: ஒன்றரை மீட்டர் வாங்குங்கள். 54 இன்ச் அல்லது அதற்கு மேல் அகலமான லினன் என்றால் 36 அளவுக்கும் ஒரு மீட்டரே போதும். கிராஸ் பீஸும் நனைத்தால் சுருங்குவதும் இந்தக் கணக்குக்குள் அடங்கும்.

கட்டாயம் நனைக்க வேண்டுமா? சாயம் போனால் என்ன செய்வது?

கட்டாயம். காட்டன் முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம், கைத்தறி இன்னும் கூட. 24 இன்ச் நீளத்தில் 5 சதவீதம் என்றால் ஓர் இன்ச்சுக்கு மேல் போய்விடும். அதைவிட மோசம், உடல் துணி ஒரு திசையிலும் கிராஸ் பீஸ் வேறு திசையிலும் சுருங்கி, நன்றாகத் தைத்த கழுத்து ஒரே சலவையில் சுருண்டுகொள்வது. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவிட்டு, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயவைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள்.

அடர்ந்த நிறம் என்றால் தனியாக ஊறவையுங்கள். தண்ணீர் தெளியும்வரை மாற்றி அலசுவதுதான் வழி. உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். ஏற்கெனவே சாயமேற்றிய துணியில் உப்புக்கு அந்தச் சக்தி இல்லை. அவுரி நீலத்தின் குணமே வேறு. அந்தச் சாயம் நூலின் மேற்பரப்பில் படிந்து நிற்பது, அதனால் உரசும் இடத்தில் ஒட்டும். அக்குளிலும் உள்ளாடையிலும் நீலம் படிவது அதனால்தான். 19-ஆம் நூற்றாண்டில் கினி என்ற பெயரில் புதுச்சேரியிலிருந்து செனகல் வரை கப்பலேறிய நீலத்துணியும் அவுரியில் தோய்த்ததே. அந்த நீலம் பிடித்தவர்கள் தயங்காமல் எடுங்கள்; வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, அதிகம் ஒட்டினால் மட்டும் இன்னும் இரண்டு முறை அலசிவிட்டு வெட்டுங்கள்.

எனக்கு நானே அளவு எடுப்பது எப்படி?

டாப்புக்கு உள்ளே எதை அணிவீர்களோ அதை அணிந்துகொண்டு, கண்ணாடி முன் நின்று எடுங்கள். டேப் முதுகுப் பக்கம் கீழே சரியும், அதுதான் தனியாக எடுக்கும்போது வழக்கமாக நடக்கும் பிழை. மார்பின் எடுப்பான இடத்தில் சுற்றளவு, சீட்டின் அகலமான இடத்தில் சுற்றளவு, கழுத்தை ஒட்டிய தோளிலிருந்து டாப் முடிய வேண்டிய இடம் வரை நீளம், தலைச் சுற்றளவு: இந்த நான்கு போதும். நன்றாகப் பொருந்தும் ஸ்லீவ்லெஸ் ஒன்று ஏற்கெனவே இருந்தால் அதன் தோள்பட்டை அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

லூஸ் எவ்வளவு வைப்பது?

மார்பில் மொத்தமாக 4 இன்ச். ஜிப் இல்லாததால் இதற்குக் குறைந்தால் கழற்றும்போது தோளில் மாட்டும். கூடவே, உடம்புக்கும் துணிக்கும் நடுவே காற்று நடமாடினால்தான் இந்தப் பக்கத்துப் புழுக்கத்தில் குளிர்ச்சி. மெல்லிய துணியை இறுக்கமாகத் தைத்துப் போடுவதைவிடச் சுமாரான துணியை லூஸாகப் போடுவது மேல்.

பேப்பரில் வரைவதைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

பழைய காலண்டர் தாள் நல்லது. 26-க்கு 13 இன்ச் வேண்டும், போதாவிட்டால் ஒட்டிக்கொள்ளுங்கள். தாளின் ஒரு நீள ஓரம் துணியின் மடிப்பு. பாதி உடம்பைத்தான் வரைகிறோம்.

மேல் ஓரத்தில், மடிப்பிலிருந்து 3¼ இன்ச் தள்ளி ஒரு புள்ளி: கழுத்து அகலம். அங்கிருந்து இன்னும் 2½ தள்ளி, அரை இன்ச் கீழே இறக்கி அடுத்த புள்ளி: தோள் நுனி. இரண்டையும் சேர்த்தால் ஷோல்டர் சரிவு. மடிப்பு ஓரத்தில் மேலிருந்து 6 இன்ச் கீழே முன் கழுத்து, 3 இன்ச் கீழே பின் கழுத்து. ஆம்ஹோல் ஆழத்துக்கு மார்பை ஆறால் வகுத்து ஒன்று கூட்டுங்கள்: 36-க்கு 7. தோள் நுனியிலிருந்து 7 இன்ச் கீழே ஒரு படுக்கைக் கோடு போட்டு, அதில் மடிப்பிலிருந்து 10 இன்ச் அளந்து புள்ளி வையுங்கள். மார்பு 36-உடன் லூஸ் 4 சேர்ந்து 40, அதில் கால் பங்கு 10. மேலிருந்து 24 இன்ச் கீழே நீளக் கோடு. அதில் சீட் கணக்கு 10½: சீட் 38-உடன் அதே லூஸ் 4 சேர்ந்து 42, அதில் கால் பங்கு. இந்த இரண்டு புள்ளிகளையும் நேராகச் சேர்த்தால் பக்கக் கோடு. இடுப்பில் உள்ளே வளைக்க வேண்டாம்.

ஆம்ஹோல் வளைவு தோள் நுனியிலிருந்து 4 இன்ச் வரை ஏறக்குறைய நேராக இறங்கி, பிறகு வெளியே திரும்பி அக்குள் புள்ளியைத் தொட வேண்டும். முன்பக்கத்தில் இதே வளைவை நடுவில் அரை இன்ச் உள்ளே குடையுங்கள். கையை முன்னே நீட்டும்போது அங்கேதான் துணி சேரும். பக்கக் கோடு சாய்வதால் கீழ் ஓரத்தின் பக்க முனையை கால் இன்ச் மேலே ஏற்றி மெல்ல வளையுங்கள். இல்லையென்றால் தைத்து முடித்ததும் இரண்டு பக்கமும் வால் போலத் தொங்கும்.

இது முடிந்த அளவு. தையலுக்கு வெளியே சேர்க்க வேண்டியது: ஷோல்டரிலும் பக்கத்திலும் அரை இன்ச், கீழே ஓர் இன்ச், கழுத்திலும் ஆம்ஹோலிலும் கால் இன்ச். கழுத்தில் சேர்ப்பது என்றால் கோட்டுக்கு உட்புறமாக, அதாவது ஓட்டை சிறிதாகும்படி. இதைப் பலர் மாற்றிச் செய்து கழுத்தை அரை இன்ச் அகலமாக்கிவிடுகிறார்கள்.

நேராகத் துணியிலேயே சாக்பீஸால் வரையலாமே?

பழகியவர்கள் வரைவார்கள். முதல் முறை பேப்பரில் வெட்டி, முடிந்தால் பழைய வேட்டியில் ஒரு முறை வெட்டிப் பெரிய ஓட்டுத்தையலில் கூட்டிப் போட்டுப் பாருங்கள். ஆம்ஹோல் எங்கே பிளந்து நிற்கிறது என்று அப்போதே தெரியும். பேப்பர் இருந்தால் அடுத்தடுத்த டாப்புக்கும் அதுவே உதவும்.

வெட்டும்போது எதைக் கவனிப்பது?

கரைக்கு இணையாக ஓடும் பாவு நூல், டாப்பில் மேலிருந்து கீழே ஓட வேண்டும். மடிப்பு கரைக்கு இணையாக இருக்கிறதா என்று மேலேயும் கீழேயும் டேப் வைத்து அளங்கள். அரை இன்ச் சாய்ந்தாலும் நாலு சலவையில் பக்கத் தையல் முன்னால் திரும்பி வரும். தரையில் விரித்து, துணியைத் தூக்காமல் வெட்டுங்கள். வெட்டிய கையோடு, கழுத்திலும் ஆம்ஹோலிலும் ஓரத்திலிருந்து அரைக்கால் (⅛) இன்ச் உள்ளே ஒற்றைத் துணியில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். வளைவு இழுபடாமல் காப்பது இந்தத் தையல். வெட்டிய துண்டை ஆணியில் தொங்கவிடவும் கூடாது.

மெஷினில் என்ன ஊசி, என்ன நூல்?

வாயில், மல்மலுக்கு 11. காம்பிரிக், பாப்ளின், கைலித் துணிக்கு 14. தடித்த காதி, லினனுக்கு 16. ஓர் இன்ச்சுக்கு 10 முதல் 12 தையல் விழட்டும். நூல் பாலியெஸ்டர் கண்டே நல்லது. அக்குள் பக்கம் வியர்வையில் பருத்தி நூல் சீக்கிரம் நைந்துபோகும். உப்புக் காற்றில் ஊசியும் பாபின் கேஸும் துருப்பிடிக்கும். நாள் கழித்துத் திறக்கும் மெஷின் என்றால் ஊசியை மாற்றி, எண்ணெய் விட்டு, கழிவுத் துணியில் இரண்டடி ஓட்டிக் கறை போனதைப் பார்த்தபின் நல்ல துணியை வையுங்கள். குண்டூசியையும் ஈரத் துணியில் ராத்திரி முழுவதும் குத்தி வைக்காதீர்கள். துருப் புள்ளி போகாது.

அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்தால் தவறு அநேகமாக மேலேதான்: மேல் நூல் டென்ஷன் தட்டுக்குள் விழவில்லை, அல்லது பிரஷர் ஃபுட் இறக்கப்படவில்லை. தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசி மழுங்கியிருக்கும் அல்லது திருப்பி மாட்டியிருக்கும்.

எந்த வரிசையில் தைப்பது?

ஷோல்டர், கழுத்து, பக்கம், ஆம்ஹோல், கடைசியாகக் கீழ் மடிப்பு.

ஷோல்டருக்கும் பக்கத்துக்கும் பிரெஞ்ச் தையல் போடுங்கள். ஓவர்லாக் கடைக்குப் போக வேண்டாம், அக்குளில் உறுத்தவும் செய்யாது. துணியின் உட்புறங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, ஓரத்திலிருந்து கால் இன்ச்சில் முதல் தையல். பிடிப்பை (தையலுக்கு வெளியே இருக்கும் துணியை) அரைக்கால் இன்ச்சாக நறுக்கி, திருப்பி, இஸ்திரி போட்டு, இப்போது நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க மறுபடி கால் இன்ச்சில் இரண்டாவது தையல். பிசிறு முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும். நறுக்காமல் விட்டால் வெளியே நூல் நூலாக எட்டிப்பார்க்கும். பின்னால் பிரித்து லூஸாக்க வேண்டியிருக்கும் என்று நினைப்பவர்கள் பக்கத்தில் ஓர் இன்ச் பிடிப்பு விட்டு ஓவர்லாக் அடித்துக்கொள்ளலாம்.

கிராஸ் பீஸ் வெட்டுவதும் வைப்பதும்தான் வரவில்லை. விளக்கமாகச் சொல்லுங்கள்.

மிச்சத் துணியின் குறுக்கு வெட்டு ஓரத்தை, அதாவது ஊடை நூல் ஓடும் ஓரத்தை, கரைமேல் படியும்படி முக்கோணமாக மடியுங்கள். மடிப்பு விழும் கோடுதான் சரியான கிராஸ். அதற்கு இணையாக ஒன்றேகால் இன்ச் அகலத்தில் கோடு போட்டு வெட்டுங்கள். சரியான கிராஸ் என்றால் கையால் இழுக்கும்போது ரப்பர் போல நீளும். நீளாவிட்டால் கோணம் தப்பியிருக்கிறது, அது வளைவில் படியாது.

நம் அளவில் கழுத்துச் சுற்று ஏறக்குறைய 25, ஆம்ஹோல் ஒவ்வொன்றும் 18 வரும். டேப்பை நிறுத்தி வைத்து உங்கள் தையல் கோட்டில் அளந்து, ஒவ்வொன்றுக்கும் 2 இன்ச் கூட்டி வெட்டுங்கள்: 27, 20, 20. துண்டு போதாவிட்டால் இணைக்கலாம்; இணைப்புத் தையல் சாய்வாக இருக்க வேண்டும், நேராகப் போட்டால் அந்த இடம் தடிக்கும்.

தைக்கும் முன் பட்டையை இஸ்திரியில் லேசாக வளைத்துக்கொள்ளுங்கள். கழுத்துக்கு ஒரு பக்க ஷோல்டரிலும் ஆம்ஹோலுக்கு அக்குளிலும் தொடங்க வேண்டும். நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேர்த்து, முதல் முனையை அரை இன்ச் மடித்து வைத்து, கால் இன்ச்சில் தையுங்கள். உடல் துணியை இழுக்கவே கூடாது. பட்டையை மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டும். பத்து இன்ச் வளைவுக்கு ஒன்பதரை இன்ச் பட்டை என்பது நல்ல கணக்கு. தைத்து முடித்ததும் பிடிப்பில் அரை இன்ச்சுக்கு ஒரு வெட்டு, தையலைத் தொடாமல். பிறகு பட்டையை வெளிப்பக்கம் தள்ளி, பிடிப்பையும் பட்டையையும் சேர்த்து, தையலை ஒட்டிப் பட்டையின் மேல் ஒரு தையல் ஓட்டுங்கள். நேரமில்லை என்று பலர் விடும் தையல் இது. இதைப் போட்டால்தான் பட்டை உள்ளேயே அடங்கி இருக்கும். போடாவிட்டால் சலவைக்குச் சலவை வெளியே உருண்டு வரும். கடைசியாக, பட்டையின் ஓரத்தைக் கால் இன்ச் மடித்து, முழுப் பட்டையையும் உள்ளே திருப்பி, மடிப்பின் விளிம்பில் தையல். ஒவ்வொரு கட்டத்துக்கும் இஸ்திரி வேண்டும்.

கழுத்து தட்டையாகப் படியாமல் நிமிர்ந்து நிற்கிறது, ஏன்?

பட்டை தளர்வாகப் போயிருக்கிறது, அல்லது கழுத்து ஏற்கெனவே இழுபட்டிருக்கிறது. பிரித்து, உடலில் அந்த ஓரத்தை ஈரம் தெளித்து இஸ்திரியால் அழுத்திச் சுருக்கிவிட்டு, பட்டையை அரை இன்ச் குறைத்து மறுபடி வையுங்கள். எதிர்மாறாகச் சுருக்கம் சுருக்கமாக விழுந்தால் பட்டையை அதிகம் இழுத்திருக்கிறீர்கள், அல்லது பிடிப்பில் வெட்டு போதவில்லை. முதலில் வெட்டைக் கூட்டிப் பாருங்கள். பாதிக் கேஸ்கள் அதிலேயே சரியாகும்.

ஆம்ஹோல் முன்பக்கம் வாய் பிளந்து நிற்கிறது. ஆழத்தைக் குறைத்தால் சரியாகுமா?

ஆகாது. மார்பின் மேடு துணியைத் தூக்குவதால் வரும் உபரி அது, டாட்டில்தான், அதாவது மார்பை நோக்கிக் கூராக முடியும் மடிப்புத் தையலில்தான் போகும். மார்புக்கு மேலே, அக்குளை ஒட்டி எடுத்த சுற்றளவுக்கும் மார்புச் சுற்றளவுக்கும் 3 இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலிலேயே டாட் வைத்துவிடுங்கள்.

சோதனைத் துணியைப் போட்டுக்கொண்டு, பிளந்த இடத்தைக் கிள்ளி எவ்வளவு என்று அளங்கள். முக்கால் இன்ச் என்று வையுங்கள். பேப்பரில் ஆம்ஹோலிலிருந்து மார்பு முனை வரை ஒரு கோடு, பக்கக் கோட்டில் அக்குளுக்கு இரண்டு இன்ச் கீழிருந்து மார்பு முனை வரை இன்னொரு கோடு. இரண்டையும் முனையருகே நூலளவு விட்டு வெட்டி, ஆம்ஹோலில் முக்கால் இன்ச்சை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் பக்கத்தில் தானாக ஒரு வாய் திறக்கும். அதுதான் டாட். தைக்கும்போது மார்பு முனைக்கு ஓர் இன்ச் முன்பாகவே முடித்து, ரிவர்ஸ் அடிக்காமல் நூலைக் கையால் முடிச்சிடுங்கள். முனைவரை போனால் கூராகக் குத்தி நிற்கும். டாட்டை ஷோல்டருக்கும் முன்னதாகத் தைக்க வேண்டும், இஸ்திரியில் கீழ்ப்பக்கம் மடிக்க வேண்டும்.

தலை நுழையுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கழுத்துச் சுற்று தலைச் சுற்றளவைவிட 2 இன்ச்சாவது கூட இருக்க வேண்டும். தலை 22 என்றால் நம் 25 தாராளம். கழுத்தை மேலேற்றி வைக்க விரும்பினால் பின்கழுத்தின் நடுவில் 4 இன்ச் பிளவு விட்டு ஒரு பட்டனும் நூல் லூப்பும் வையுங்கள்.

உள்ளாடைப் பட்டை வெளியே தெரிகிறது.

பேப்பர் கட்டத்திலேயே பட்டை எங்கே வருகிறது என்று பார்த்து, தோள் அகலத்தை அதன் இரு பக்கமும் அரை இன்ச் மீறும்படி வையுங்கள். தைத்தாகிவிட்டதென்றால் ஷோல்டர் தையலின் உட்புறம் ஒன்றரை இன்ச் நாடாவின் ஒரு முனையைத் தைத்து, மறுமுனைக்குப் பிரஸ் பட்டன் வைத்துப் பட்டையை அதற்குள் பிடித்துவிடலாம்.

வெள்ளை வாயில் ஊடுருவித் தெரியுமே?

உள்ளே தோல் நிறத்துக்கு நெருங்கிய மல்மலை இதே அளவில் வெட்டி, கழுத்திலும் ஆம்ஹோலிலும் இரண்டையும் சேர்த்து ஒரே துணியாகப் பாவித்துப் பட்டை வையுங்கள். பக்கத்தையும் கீழையும் தனித்தனியாக விடுங்கள். வெள்ளைக்கு வெள்ளை உள்துணி வைத்தால் இன்னும் எடுப்பாகத்தான் தெரியும்.

மெஷின் இல்லை. கையால் தைத்தால் தாங்குமா?

தாங்கும். ஷோல்டர், பக்கத்துக்குப் பின்னித் திரும்பும் கெட்டித்தையல், பட்டையின் உள் ஓரத்துக்கு எம்மிங் (மடிப்பைப் பிடிக்கும் கைத்தையல்). மெஷினில் தைப்பவர்கள்கூட அந்த உள் ஓரத்தைக் கையால் எம்மிங் செய்தால் வெளியே தையல் தெரியாமல் அழகாக இருக்கும்.

இதே பேட்டனில் பனியன் துணி வெட்டலாமா?

இல்லை. பனியன் துணி நீளும் என்பதால் 4 இன்ச் லூஸ் தேவையில்லை, பிரெஞ்ச் தையலும் சரிப்படாது. உருண்டை முனை ஊசியும் ஜிக்ஜாக் தையலும் வேண்டும். நேர்த்தையல் போட்டால் முதல் முறை இழுக்கும்போதே நூல் அறும். கழுத்துப் பட்டையை ரிப் துணியில், கழுத்துச் சுற்றில் 85 சதவீத நீளத்துக்கு வெட்ட வேண்டும். காட்டனில் இரண்டு தைத்த பிறகு அதற்குப் போங்கள்.

கையைத் தூக்கமுடியாத அம்மாவுக்கு இதைத் தைக்க முடியுமா?

முன்பக்கத்தை மடிப்பில் வெட்டாமல் இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒவ்வொரு பக்கமும் இரண்டேகால் இன்ச் கூட்டி வெட்டுங்கள். முதலில் கால் இன்ச், பிறகு ஒன்றேகால் இன்ச் உள்ளே மடித்தால் பட்டன் பட்டி வந்துவிடும். மேலேறி நிற்கும் முக்கால் இன்ச் இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று படியும். ஆம்ஹோல் ஆழத்தை அரை இன்ச் கூட்டி, லூஸை 6 ஆக்குங்கள். சட்டைப் பட்டனைவிடப் பெரிய பட்டன் வையுங்கள், அல்லது பிரஸ் பட்டன். விரல் நடுங்குபவர்களுக்குச் சுலபம்.

துவைப்பது எப்படி?

வியர்த்த டாப்பை மறுநாள் வரை கூடையில் போடாமல் அன்றே தண்ணீரில் அலசிவிடுங்கள். வியர்வை அக்குளில் மஞ்சளாகப் படிவதும் புழுக்கத்தில் பூஞ்சைப் புள்ளி விழுவதும் குறையும். கடலோரத்து போர் தண்ணீர் பல தெருக்களில் கடினமானது, சோப்பு சரியாக நுரைக்காது, படிந்து துணியை விறைப்பாக்கும். சோப்பைக் குறைத்து, கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் எடுங்கள். உட்புறம் வெளியே திருப்பி, தோளில் தொங்கவிடாமல், கீழ் ஓரத்தைக் கொடியில் மாட்டி நிழலில் காயவையுங்கள்.